காதை வெளியே வையுங்கள்

என் அக்காவுக்கு அச்சகத்தின் கதவு அடைபட்டதற்குக் காரணம் என் கட்டைவிரல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களைப் பிறகு திட்டுகிறேன். நிறையத் திட்ட வேண்டியிருக்கிறது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு காதுக்கருவிகளும் மேசைமேல் சார்ஜ் பெட்டிக்குள் கிடந்தன. முந்தின நாள் மாலையிலிருந்தே அவை சரியில்லை. "குடத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்குடா. என்னன்னு பாரேன்" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள்.

கருவியை இயக்கும் ஆப்பைத் திறந்தேன். திரையை மறித்துக்கொண்டு ஒரு கட்டம் நின்றது. 'எங்கள் விதிமுறைகள் மேம்படுத்தப்பட்டுள்ளன.' அதன் கீழே பச்சையில், உள்ளங்கை அகலத்தில், 'ஏற்கிறேன்'. அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில், 'பிறகு'. 'மாட்டேன்' என்ற சொல் எங்கேயும் இல்லை.

பச்சையை அமுக்கினேன். அவ்வளவுதான்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் கருவிகளை மாட்டிப் பார்த்தாள். "அட, சரியாயிடுச்சே! என்ன பண்ணே?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு அப்டேட்."

இதில் என் வெட்கம் என்னவென்றால், நான் ஒன்றும் தெரியாதவன் இல்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு வருடம் கஸ்டமர் கேரில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். ஒரே தளத்தில் பத்துக் கம்பெனிகளுக்குப் பதில் சொல்வோம். அதில் இந்தக் காதுக்கருவிக் கம்பெனியும் ஒன்று. பச்சைப் பொத்தான் ஏன் பெரிது, சாம்பல் ஏன் சிறிது என்று எனக்குத் தெரியும். தெரிந்தவனின் விரலும் பச்சைக்குத்தான் போனது.

அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். பொதுத்தேர்வுக்கான கேள்வித்தாள்களை அச்சிடும் அச்சகத்தில் அவள் பிழை திருத்துபவள். கேட்டில் போன், கைக்கடிகாரம், சொந்தப் பேனா எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காவலாளி செருப்பின் அடிப்பாகத்தைக்கூடத் திருப்பிப் பார்ப்பார். உள்ளே ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், கமாவும் முற்றுப்புள்ளியும் உட்பட. மற்றவர் அச்சான தாளில் சிவப்புப் பேனாவை ஓட்டிக்கொண்டே போவார். வாசிப்பது ஒரு அம்மாள். பன்னிரண்டு வருடம் அப்படியே வாசித்து வாசித்து, வீட்டுப் பேச்சிலும் குறிகள் வந்து விழும். அதனால் அவருக்கு 'கமா' என்றே பெயர். சிவப்புப் பேனா அக்காவுடையது.

பத்தொன்பது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோனது. கருவிகள் இருந்தால் அவளுக்கு எல்லாம் கேட்கும். இல்லையென்றால் உதட்டைப் பார்த்துப் பாதியை ஊகிப்பாள். கையெழுத்துப் பிரதியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து வாசிக்கிறவரின் உதட்டை எப்படிப் பார்ப்பது? கருவி இருந்தால்தான் அந்த வேலை.

பன்னிரண்டு வருடமாக அந்தக் காவலாளி செருப்பைத் திருப்பிப் பார்த்தார். காதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அதுவரை இருக்கவில்லை.

விதிமுறைகளை உலகத்தில் யாரும் படிப்பதில்லை என்பார்கள். தப்பு. என் அக்கா படிப்பாள். மருந்துச் சீட்டு, டிக்கெட்டின் பின்பக்கம், சோப்பு உறை எல்லாவற்றையும் படிப்பாள். அந்த வாரம் புதன்கிழமை, கடைக்குப் போய் நாற்பத்தொரு பக்கத்தையும் பிரின்ட் எடுத்து வந்தாள். திரையில் படித்தால் பிழை கண்ணில் படாதாம். சிவப்புப் பேனாவோடு கட்டிலில் உட்கார்ந்தவள் அரை மணி நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இத நீ படிச்சியா?"

"எத?"

"முப்பத்தொண்ணு."

படித்தேன். 'சேவையின் தரத்தை மேம்படுத்தும் பொருட்டு, பயனரைச் சுற்றியுள்ள ஒலிகள் அவ்வப்போது பதிவு செய்யப்படலாம். போனுடன் இணைப்பு இல்லாத நேரங்களில் அவை கருவியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு கிடைத்ததும் அனுப்பப்படும். பயிற்சி பெற்ற பணியாளர்கள் அவற்றைக் கேட்கலாம்.'

'அவ்வப்போது' என்ற சொல்லைச் சுற்றி அவள் வட்டம் போட்டிருந்தாள்.

"அவ்வப்போதுன்னா எப்போடா? இப்படி ஒரு வார்த்தைய நான் கேள்வித்தாள்ல விட்டிருந்தா என் சீட்டக் கிழிச்சிருப்பாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். விரல்விட்டு எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன். "கணக்குப் பேப்பர் முழுசும் வாசிச்சோம்டா."

நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"நீதான அமுக்கினே?"

"ஆமா."

இரண்டு கருவிகளையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். சண்டையை அவள் முடிக்கும் விதம் அது. அதற்குப் பிறகு மன்னிப்பும் கேட்க முடியாது, காரணமும் சொல்ல முடியாது. சுவரோடு பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் காலை அச்சகத்துக்குப் போய் அவளே சொல்லிவிட்டாள். நடந்ததைச் சாயங்காலம் கமா வந்து என்னிடம் சொன்னார். வாசலிலேயே நின்றுகொண்டு, மூச்சு வாங்க.

"உங்கக்காவுக்கு என்ன கிறுக்கா கேள்விக்குறி. நேரா சூப்பர்வைசர் ரூமுக்குள்ள போனா கமா, காதுலேர்ந்து கழட்டி மேசைல வெச்சா கமா, 'சார், இது மூணு நாளா கேட்டுட்டு இருந்திருக்கு'ன்னுட்டா."

"அவர் என்ன சொன்னார்?"

"'ஏம்மா, நீ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது'ன்னார். உங்கக்கா, 'எனக்குத் தெரியும்ல சார்'ங்கறா. அப்புறம் என்ன! கணக்குப் பேப்பர் மொத்தமும் சூளைல எரிக்கப் போச்சு. எட்டு நாள் வேலை தம்பி, ஆச்சரியக்குறி."

சூப்பர்வைசர் கெட்டவரில்லை. வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். 'இந்தக் கருவி எந்த ஒலியையும் பதிவு செய்யாது' என்று கம்பெனியின் முத்திரைத் தாளில் ஒரு கடிதம் வேண்டும். அது வரும்வரை கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது. சம்பளமும் கிடையாது. இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள்.

ஒப்புதலைத் திரும்பப் பெறலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோம். ஆப்புக்குள் ஏழு கதவு தாண்டி ஒரு மூலையில் அந்த வசதி இருந்தது. அமுக்கியதும் 'தங்கள் கருவி இனி அடிப்படை நிலையில் இயங்கும்' என்றது. அடிப்படை நிலை என்றால் அதே குடம். காசு முழுவதும் கொடுத்து வாங்கிய கருவி. கடையில் கொடுத்த உத்தரவாத அட்டையில் ஐந்து வருடம் என்று போட்டிருக்கிறது. ஒட்டுக் கேட்க விட்டால் கேட்கும், விடாவிட்டால் செவிடு. இதற்குப் பெயர் ஒப்புதலாம்.

கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். 'தங்கள் புகாருக்குக் கீழ்க்கண்ட எண்ணில் பேசவும்' என்று பதில் வந்தது. காது கேளாதவர்களுக்கான பொருளை விற்கிறவன் புகாரைப் போனில் மட்டும்தான் வாங்குவான். இதை யோசித்தவன் எவனோ, அவனைப் பார்த்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பிறகு அறைய வேண்டும் போலவும்.

போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளோ என்னவோ.

"உங்களுக்கு எப்படி உதவலாம் சார்?"

சொன்னேன்.

"உங்க சிரமம் புரியுது சார். பாதுகாப்பு காரணங்களுக்காக வாடிக்கையாளர்கிட்டயே பேசணும். அவங்ககிட்ட குடுக்கறீங்களா?"

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க."

"புரியுது சார். ஒரு நிமிஷம் குடுத்தா போதும்."

"நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்காதுங்கறேன்."

"புரியுது சார். கருவிய மாட்டிட்டுப் பேசச் சொல்லுங்க."

"அந்தக் கருவியத்தான்மா நீங்க அமுக்கி வெச்சிருக்கீங்க!"

"புரியுது சார்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. 'இல்லை' என்ற சொல்லைச் சொன்னால் அன்றைய மதிப்பெண் போய்விடும். 'புரியுது' என்றால் போகாது. நானே ஒரு ராத்திரிக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன், ஒரு முறைகூடப் புரியாமல். கடைசியில் அவள், "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள். இல்லை என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்படும் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நானே பூட்டிய பூட்டு. நானே மாட்டிக்கொண்டேன்.

நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். மனுவை அக்காதான் எழுதினாள், ஒரே பக்கம். கேட்டது இரண்டு. பதிவு இல்லாமல் கருவி முழுதாக வேலை செய்ய வேண்டும். அதற்கு ஒரு கடிதம் வேண்டும். கம்பெனி பதில் போட்டது: ஒலிப்பதிவும் ஒலித்தெளிவும் ஒன்றோடொன்று பின்னியவை, பிரிப்பது தொழில்நுட்ப ரீதியாக இயலாது. கூடவே, ஞாயிறு காலை 7.46-க்குப் பயனர் ஏற்றுக்கொண்டதற்கான சான்று.

விசாரணைக்கு நாள் கிடைக்க ஏழு வாரம் ஆனது. சூப்பர்வைசர் கொடுத்த கெடுவுக்கு இன்னும் ஆறு நாள். அன்று காலை கிளம்பும்போது அக்கா போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, பச்சைப் பொத்தானைத் தானே அமுக்கினாள்.

"என்னக்கா பண்றே?"

"விசாரணைல கேக்கணும்ல? உன் மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருக்கவா?"

"பதிவாகுமேக்கா!"

"ஆகட்டும்."

முடியைக் காதின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அதிகாரியின் அறை நீளமாக, இருட்டாக இருந்தது. 'உங்கள் உரிமையை அறிவீர்' என்ற சுவரொட்டியை, சுவரில் ஊறிய ஈரத்தை மறைக்க ஒட்டியிருந்தார்கள். ஈரம் சுவரொட்டியையும் தின்ன ஆரம்பித்திருந்தது. கம்பெனி வக்கீல் எங்களுக்கு முன்பே வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். பழகிய சாய்வு.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். பிறகு வக்கீலிடம் கேட்டார். என்னிடமில்லை, அவளிடமுமில்லை. "இந்தம்மாவுக்குக் கேக்குமா?"

"கேக்காது சார். அதுக்குத்தான கேஸே" என்றார் வக்கீல். இருவரும் சிரித்தார்கள்.

அக்கா தலையைக் குனிந்து கையிலிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"தம்பி, இதுல மூணு காப்பி வேணும். கீழ கடை இருக்கு, எடுத்துட்டு வா" என்று அதிகாரி என்னை அனுப்பினார். கடையில் மெஷின் சூடாகப் பத்து நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது இருவரும் எதற்கோ சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதே தாளை வைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை ஐந்தே நிமிடம்தான். வக்கீல் எழுந்து அந்த 7.46 சான்றை நீட்டினார்.

"நீ சொல்லுப்பா. இதை அமுக்கினது யாரு?"

"நான்தான்."

"பாத்தீங்களா சார்? அடுத்தவங்க கருவிய அனுமதியில்லாம இயக்கினது இவர். விதி பன்னெண்டுப்படி அதுவே மீறல். நாங்க நினைச்சா கருவியையே நிறுத்தலாம். இது குடும்பத் தகராறு சார். எங்களை ஏன் இழுக்கணும்?"

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். இந்தக் குதிரை குழிக்கு வாடகையும் கேட்டது.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அவ்வளவுதான். மனு தள்ளு..."

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அக்கா.

அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. கேள்வித்தாள் வாசிக்கும் குரல்.

"'மேல உக்காந்திருக்கற அந்த எருமைக்கு கமா ஒரு கையெழுத்து ஒழுங்காப் போடத் தெரியாது ஆச்சரியக்குறி.' 'என் பொண்ணு படிச்சு முடிச்சிட்டா கமா உங்க கம்பெனில ஏதாவது பாத்து விடுங்களேன் முற்றுப்புள்ளி.' 'அதுக்கென்ன சார் கமா இந்த ஃபைல இன்னிக்கே மூடிட்டீங்கன்னா நாளைக்கே வரச் சொல்லுங்க முற்றுப்புள்ளி.' முதல் ரெண்டும் நீங்க சொன்னது. மூணாவது அவர் சொன்னது. பிழை இருந்தா சொல்லுங்க."

அதிகாரி திறந்த பேனாவை மூடினார்.

அவள் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "நான் சொன்னா நீங்க மறுக்கலாம். இதுவும் கேட்டிருக்கு சார்."

அதிகாரியின் முகத்தில் வந்த நிறத்துக்குப் பெயர் இல்லை. வக்கீலைப் பார்த்தார். "யோவ், இது பதிவாகுதா?"

"அப்படி எல்லா நேரமும் இல்ல சார். அவ்வப்போதுதான்..."

"அவ்வப்போதுன்னா எப்போ சார்?" என்றாள் அக்கா. "இப்பவா? பத்து நிமிஷம் முன்னாடியா?"

வக்கீல் ஃபைலைப் புரட்டினார். பாவம், அவருக்கே தெரியாது. "என் கட்சிக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று திடீரென்று அச்சுத் தமிழில் பேசினார்.

"கேட்டு என்னய்யா சொல்றது! அதை எவன் கேப்பான்?"

"பயிற்சி பெற்ற பணியாளர்கள்" என்றேன் நான். அதைச் சொல்லும்போது கிடைத்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

அதிகாரி மேசையைத் தட்டினார். "ஏம்மா, அந்தக் காதைக் கழட்டி வெளிய வை! மொதல்ல வெளிய வை!"

"வெச்சா எனக்கு இங்க நடக்கறது கேக்காதுங்க" என்றாள் அக்கா. "வெக்கலன்னா நீங்க பேச மாட்டீங்க. எங்க சூப்பர்வைசரும் இதைத்தான் சொன்னார். ஒரு பக்கத்துல எழுதிக் குடுத்திருக்கேன் சார். இதுதான் என் மனு."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அந்த வேகம் அவர்களிடம் எப்போதும் இருந்ததுதான். ஏழு வாரம் அது எங்கே தூங்கியது என்றுதான் தெரியவில்லை. அதிகாரி தன் கையாலேயே உத்தரவு எழுதினார். வக்கீல் வராந்தாவில் நின்று போனில் யாரிடமோ கெஞ்சினார், பிறகு கத்தினார். நாற்பது நிமிடம். அக்கா கருவியைத் தொட்டுப் பார்த்தாள். ஆப்பில் 'ஒலிச் சேகரிப்பு: நிறுத்தப்பட்டது' என்று வந்தது. தெளிவு அப்படியே இருந்தது. குடமும் இல்லை, தண்ணீரும் இல்லை. தொழில்நுட்ப ரீதியாக இயலாதது நாற்பது நிமிடத்தில் இயன்றுவிட்டது. எங்கேயோ ஒருவன் ஒரு பொத்தானை அமுக்கியிருக்கிறான். ஏழு வாரமாக அந்தப் பொத்தான் அங்கேயே இருந்திருக்கிறது.

கடிதமும் வந்தது. முத்திரைத் தாளில். அக்கா அதை என்னிடம் நீட்டினாள். "வாசி."

"இங்கயா?"

"இங்கதான்."

அதிகாரியும் வக்கீலும் பார்த்துக்கொண்டிருக்க, கமாவும் முற்றுப்புள்ளியும் சேர்த்து நான் வாசித்தேன். அவள் நகலில் பேனாவை ஓட்டினாள். இரண்டாம் பத்தியில் நிறுத்தினாள்.

"'இந்த ஒரு கருவியைப் பொறுத்தவரை'ன்னு போட்டிருக்கே. மத்தவங்களுக்கு?"

"அவங்கவங்க வந்து மனு குடுக்கட்டும்மா" என்றார் அதிகாரி. கண்ணை அவள் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அந்த உத்தரவை அவர் அக்காவுக்காக எழுதவில்லை. எருமைக்காக எழுதினார்.

"இதுவரைக்கும் எடுத்ததை அழிப்பாங்களா?"

"பரிசீலனைல இருக்கு" என்றார் வக்கீல்.

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, இந்த ஆளை விடக்கூடாது. பொண்ணுக்கு வேலை கேட்டிருக்கான். மாட்டி விடலாம்."

"எத வெச்சு?"

"பதிவு இருக்கே."

"யார்கிட்ட?"

நான் நடையை நிறுத்திவிட்டேன். அவள் காதில் விழுந்தது. அவள் காசு கொடுத்து வாங்கிய கருவி கேட்டது. ஆனால் அந்தப் பதிவு அவளுடையது இல்லை. பதினாறாம் விதி. 'சேகரிக்கப்பட்ட ஒலிகளின் நகலைக் கோரப் பயனருக்கு உரிமை இல்லை.' அதன் ஓரத்தில் அவள் ஏற்கெனவே சிவப்புக் கோடு இழுத்திருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். காவலாளி இப்போது செருப்பைப் பார்த்துவிட்டுக் காதையும் பார்க்கிறாராம், கடிதத்தையும் வாங்கிப் பார்க்கிறாராம். கமா முதல் நாள் வாசிக்கும்போது அழுதுவிட்டார் என்று கேள்வி. அதற்கு என்ன குறி போட்டார் என்று தெரியவில்லை.

அந்த மூன்று நாள் கணக்குப் பேப்பரும், அதிகாரியின் சிரிப்பும், எங்கள் வீட்டுச் சண்டையும் எங்கேயோ ஒரு தளத்தில் கிடக்கின்றன. என்னைப் போல ஒருவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கண் எரிய, அதைக் கேட்டு மதிப்பெண் போடுவான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கும் 'இல்லை' என்று சொல்ல அனுமதி கிடையாது.

அன்று சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, நாற்பத்தொரு பக்கத்தையும் என் முன்னால் போட்டாள். தன்னிடம் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டாள். மேலே 'மனு' என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே 'எல்லாக் கருவிகளும்' என்று.

"உக்காரு. மொத விதிலேர்ந்து வாசி."

"நாப்பத்தோரு பக்கமாக்கா?"

"அமுக்கறப்ப ஒரு செகண்டுதான் ஆச்சு. இப்ப படி."

படிக்க ஆரம்பித்தேன்.

"கமாவை முழுங்காதடா" என்றாள்.